மார்கழி யூரியா

வாய் தைத்த இரண்டு வெள்ளைச் சாக்குகளும், அவற்றின் மேல் ரிப்பன் கட்டிய ஒரு கேக் பெட்டியும். ஒவ்வொரு மார்கழியிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின தினங்களில் என் பெரியம்மா வீட்டு வாசலில் டிராக்டர் டிப்பரிலிருந்து அவை இறங்கும். தம்பி அக்காவுக்குச் சீர் கொண்டுவருகிறார் என்று தெருவே எட்டிப் பார்க்கும். மற்ற வீட்டுத் தம்பிமார் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், எங்கள் மாமா யூரியா கொடுத்தார். சம்பா வயலுக்கு மேலுரம் போட்டது போக மிச்சம் இருந்த மூட்டைகள். ஊரில் எல்லோருக்கும் அது ஒரு செல்லக் கேலியாக இருந்தது. எனக்கும்தான். மைக்கில் கேலி பேசியே பிழைக்கிறவன், அந்தக் காட்சியை வைத்து எத்தனையோ கல்யாண வீடுகளில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது மார்கழியில் சாலையில் யூரியா ஏற்றிப் போகிற வண்டியைக் கண்டால் எனக்குக் காது சூடாகிறது. மனைவி ரத்தக் கொதிப்பு மாத்திரையை எடுத்து நீட்டுகிறாள்.

கோபத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் தோப்பிலிருந்து தொடங்க வேண்டும். குடவாசலுக்குக் கிழக்கே, சுற்றிலும் வயலாக இருக்கிற எங்கள் தாய்வழி ஊரில், தண்ணீர் ஏறாத மேடு ஒன்றே ஒன்றுதான். அதில் தாத்தா நீலம் மாங்கன்றுகளை நட்டு வைத்தார். மூத்த மகளான பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தாத்தா கண்ணை மூடுவதற்கு முன் பங்குச் சாமியாரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, தோப்பின் பலனும் அதன் மூலையில் இருந்த ஓட்டு வீடும் பெரியம்மாவுக்கு என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மரங்கள் காய்க்கிற வரைக்கும் அவளுக்கு, தொடர்ந்து இரண்டு வருஷம் காய்ப்பு நின்றுபோனால் மேடு தம்பிக்கு என்று ஒரு வால் சேர்த்தார். மாமரத்தின் ஆயுசு மகளின் ஆயுசைவிட நீளம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தம்பியை அவர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்தியதை எல்லாம் இப்படித்தான். ஒரு கையால் கொடுத்து, மறு கையின் விரல் நுனியில் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் பெரியம்மாவுக்கு அந்தத் தோப்பு வெகுகாலம் சோறு போட்டது. அறுவடை முடிந்த கையோடு தெற்கே இருந்து ஆட்டுக்கிடைக்காரர்கள் வருவார்கள். ஆடியில் காய் இறங்கியதும் பெரியம்மா அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, ராத்திரி ஆடுகளை மரங்களுக்கு அடியில் மடக்கிக் கிடை போடச் சொல்வார். ஆடுகள் ராத்தங்கிப் போன தோப்பில் ஆவணித் தூறல் விழும். அடுத்த தையில் மரத்தை மூடிக்கொண்டு பூ வரும். அப்புறம் ஒரு வருஷம் கிடைக்காரர்களை மாமா தன் வயலுக்கே திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு எதற்கு ஆட்டு மூத்திர நாற்றம், நான் நல்ல உரமே கொடுக்கிறேன் என்றார். அந்த மார்கழியில்தான் முதல் சாக்கு இறங்கியது.

மாமா வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பலரும் செய்வதுபோல அடிமரத்தில் கொட்டிவிட்டுப் போக மாட்டார். கிளை நுனி எங்கே முடிகிறதோ அந்த நிழல் வட்டத்தில், உறிஞ்சுகிற சின்ன வேர்கள் எங்கே இருக்குமோ சரியாக அங்கே, ஆட்களை வைத்து வட்டமாகப் பாத்தி வெட்டச் சொல்வார். அளந்து போடுவார். மூடிவிட்டு, தன் மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீரும் பாய்ச்சுவார். பிறகு பெரியம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, அக்கா கையால் குடிக்கிற காபி மாதிரி வராது என்பார். இடம் சரி, அளவு சரி, பக்குவம் சரி. தோப்பு அடர்ந்து பச்சைப் பசேல் என்று நின்றது. காய் மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

நான் பயந்த சுபாவம். மன்னார்குடியில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன், ஊரையே அதிர வைக்கிற பெட்டிகள் என்னிடம் உண்டு, ஆனால் வீட்டில் பல்லி விழுந்தால் முதலில் கத்துகிறவன் நான்தான். ஒரு வருஷம் காய்ப்பு அடியோடு நின்றது. அந்தச் செய்தி வந்ததும் நான் செய்த காரியங்களைச் சொன்னால் என்னைத் தோப்புக்குள் விட்டதே தப்பு என்பீர்கள். மாவிலையைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மருந்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் எனக்கு வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டு மாத்திரை எடுத்தார். சாமியாரை அழைத்துவந்து தீர்த்தம் தெளிக்க வைத்தேன். செடிகொடிகளுக்குப் பாட்டு பிடிக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மரத்தடியில் வைத்து ஒரு வாரம் மாதா பாட்டாகப் போட்டேன். காகங்கள் ஊரை விட்டுப் போனதுதான் மிச்சம். பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரத்துக்குக் காது கேக்குதோ இல்லையோ எனக்குக் கேக்குதுடா, நிப்பாட்டு என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் ஒரே ஒரு வருஷம் காய்க்காவிட்டால் அவருக்கு வீடு இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த ஆவணியில் மா விவசாயிகளுக்கான பயிற்சிக் கூட்டம் ஒன்றுக்கு என் மைக் செட்டைச் சொல்லியிருந்தார்கள். மைக் செட்காரனுக்கு ஒரு சாபம், எந்தக் கூட்டமானாலும் கடைசிவரை கேட்டாக வேண்டும். எனக்குச் சர்க்கரை நோயும் தெரியும், சங்க இலக்கியமும் தெரியும், இரண்டும் பாதிப் பாதி. அன்றைக்குப் பேசியவர் தோட்டக்கலை அலுவலர், இளம் பெண். மேடம் என்று எல்லோரும் அழைத்தார்கள். நெல்லுக்குப் பழகிய நம் கை, மாமரத்தையும் நெல்லாகவே நினைத்துக்கொள்கிறது என்று ஆரம்பித்தார். வயலுக்கு எப்போது உரம் வாங்குகிறோமோ, வயலில் போட்டு எப்போது மிச்சமாகிறதோ, அப்போதுதான் மரத்துக்கும் போடுகிறோம் என்றார். "நமக்கு எப்ப மூட்டை மிச்சம்னு பாக்காதீங்க. மரத்துக்கு எப்பப் பசின்னு பாருங்க."

காய் முழுவதையும் கொடுத்து முடித்த மரம் பிள்ளை பெற்ற உடம்பு மாதிரி ஓய்ந்துபோயிருக்கும், அப்போது, ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும், மண்ணில் ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கும்போது கொடுத்தால் வேர் வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார். அந்தச் சத்தில் வருகிற தளிர் முற்றி, அடுத்த பூவைத் தாங்குகிற கொப்பு ஆகும். ஐப்பசி அடைமழையில் நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கிவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும், எதைக் கொட்டினாலும் பாதி கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியம்மாவின் ஆட்டுக்கிடையை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மேடம் கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நல்லா உரம் போட்டும், மரம் பச்சையா இருந்தும், பூ மட்டும் வரலைன்னா என்ன காரணம், யாராவது சொல்லுங்க, பரிசு உண்டு.

முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் ஆள் ஓடிப்போய் மைக்கை நீட்டினான். எழுந்து நின்றவர் மாமா.

"மார்கழியில மண்ணு காயணும் மேடம். மரம் கொஞ்சம் வாடி நிக்கணும். அப்பதான் மொட்டு கட்டும். அந்த நேரத்துல யூரியாவும் போட்டுத் தண்ணியும் விட்டோம்னா, பூ வர வேண்டிய நுனியில பூரா தளிர்தான் வரும். நான்லாம் ஆவணியோட முடிச்சிடுவேன்."

நூறு வாட் பெட்டிகள் இரண்டிலும் அது ஒலித்தது. என் பெட்டிகள். நான் துடைத்து, வயர் பார்த்து, எதிரொலி இல்லாமல் திருத்தி வைத்த பெட்டிகள் வழியாக, ஒரு மனிதன் தன் அக்காவை வருஷக்கணக்காக எப்படிப் பட்டினி போட்டான் என்பதை மிகத் தெளிவாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டம் கைதட்டியது. மேடம் பாராட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பரிசாகக் கொடுத்தார். என் கை எந்தக் குமிழைத் திருகியது என்று தெரியவில்லை, பெட்டிகள் இரண்டும் வீல் என்று ஊளையிட்டன. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார்கள். மாமா வாளியோடு திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. செட்டைப் பார்த்துக்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவருடைய தோப்பு பெரியம்மாவின் தோப்புக்கு அடுத்தது, நடுவில் ஒரு முள்வேலி. மேட்டின் சரிவில் தாத்தா வைத்த அதே நீலத்தில் நாலைந்து மரங்கள் அவர் பக்கம் இருந்தன. அவை வருஷந்தவறாமல் காய்க்கும். அவன் ராசி என்று பெரியம்மாவே சொல்வார். அதே மேடு, அதே மண், அதே மழை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆவணியில் உரம், இந்தப் பக்கம் மார்கழியில். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே மாதா பாட்டு போட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து நேராகத் தோப்புக்குப் போனேன். வழியில் ஆத்திரத்தில் நான் போட்ட ஹாரனுக்கு எருமைகள்கூட ஒதுங்கின. பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. அவனுக்கு என்னடா தெரியும், யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருப்பான் என்றார். ஆவணியில் போட வேண்டியதைப் போடலாம் என்றதற்கு மட்டும் தலையாட்டினார். தொழு உரமும் பொட்டாஷும் ஸ்பீக்கர் வண்டியில் வந்து இறங்கின. மேடம் சொன்ன அளவுக்கு ஒரு சிட்டிகை கூடிவிடுமோ குறைந்துவிடுமோ என்று நான் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நடுங்கியதைப் பார்த்து, மரத்துக்குப் போடுறியா, மாத்திரை கொடுக்குறியா என்று பெரியம்மா கேட்டார். இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மார்கழியில் அந்த டிப்பர் கேட்டுக்குள் வரக் கூடாது.

அதற்காக நான் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடியே பயந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையிலேயே பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பெரியம்மா வீட்டுக் கேட்டில் நின்றேன். டிப்பர் வந்தது. மாமா இறங்கி, மெர்ரி கிறிஸ்துமஸ் மாப்பிள்ளை என்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உங்களுக்கும் மாமா." அவ்வளவு நாள் ஒத்திகை பார்த்த சிங்கம் அந்த ஒரு சொல்லில் படுத்துக்கொண்டது. அவர் ஆட்கள் சாக்கைத் தோளில் ஏற்றிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது, அதுவும் பாதி.

"மாமா, இது மார்கழி."

"ஆமா மாப்பிள்ளை. அதனாலதான கிறிஸ்துமஸ் வந்திருக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். நல்ல பதில். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், அடுத்த கல்யாணத்தில் மைக்கில் எடுத்துவிட்டிருப்பேன்.

ஆவணியில் போட வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா என் தலைக்கு மேலாக வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "அக்கா, ஒம் பிள்ளை என்னை வாசல்லயே நிக்க வச்சுப் பேசுறான். கொண்டுவந்த சீரத் திருப்பி எடுத்துட்டுப் போகவா?" தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். கொடுக்க வந்தவனை மறிக்கிறவன் என்ன மனுஷன் என்று அந்த நாலு முகங்களிலும் எழுதியிருந்தது. ஒருவன் எடுத்துக்கொண்டு போனால் திருடன் என்று கத்தலாம். கொடுத்துவிட்டுப் போகிறவனை என்னவென்று கத்துவது? எந்தப் போலீஸ் ஸ்டேஷனில், என் மாமா மரத்துக்கு உரம் போட்டுவிட்டார் என்று எழுதிக் கொடுப்பது?

பெரியம்மா வந்து என் கையை விலக்கிவிட்டுக் கேட்டைத் திறந்தார். மாமா உள்ளே போன பிறகு என் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னார். "வருஷத்துல ஒரு நாள்தான்டா அவன் என் வீட்டுல காபி குடிக்கிறான்."

அன்றைக்கு எனக்கு மாமாமேல் வந்ததைவிட அதிகமாகப் பெரியம்மாமேல் கோபம் வந்தது. மறைத்து என்ன பயன். தங்கை, அதாவது என் அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டார். பெற்றவர்கள் இல்லை. உடன்பிறந்தது என்று மிச்சம் இருந்தது அந்த ஒருவன். அவனை வாசலில் நிறுத்த அவரால் முடியவில்லை. அது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது. மாமா வட்டப் பாத்தியில் யூரியாவைப் போட்டு மூடி, தண்ணீர் விட்டு, காபி குடித்து, ஜெபம் சொல்லி, கிளம்பிப் போனார். டிப்பர் திருப்பத்தில் மறைந்ததும் நான் பட்டுச் சட்டையோடு பாத்திக்குள் இறங்கி இரண்டு கையாலும் சேற்றை வாரி வெளியே போட ஆரம்பித்தேன். யூரியா தண்ணீரைக் கண்டால் சர்க்கரை மாதிரி. கையில் வெறும் சேறுதான் வந்தது. ஒவ்வொரு மரமாகப் போய் அள்ளினேன். பெரியம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிப் பூசைக்கு அந்தச் சட்டையோட போகாத என்றார்.

தையில் தோப்பு போட்ட தளிரைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு நுனியிலும் செம்பு நிறத்தில், வெயில் பட்டால் மின்னுகிற மாதிரி. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். டீச்சர் தோப்பு என்னமா தளிர்த்திருக்கு என்றார்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறவனைப் போல நுனி நுனியாகப் பூவைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே ஒன்று, அங்கே ஒன்று இருந்தது. அதுவும் மாசியில் கருகி உதிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவின் மரங்கள் மஞ்சளாகப் பூத்து, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும், இரண்டு வருஷக் கணக்கு முடிந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் கூட்டத்தைப் பற்றி, மாதத்தைப் பற்றி, வேரைப் பற்றி, மேடம் சொன்னதை எல்லாம் சொன்னேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். வருஷமெல்லாம் கோமாளித்தனம் செய்தவனுக்கு அதுதான் கூலி. அவர்களில் ஒருவர் சொன்னதை மட்டும் நான் சாகிறவரை மறக்க மாட்டேன். தம்பி இவ்வளவு உரம் போட்டும் காய்க்கலைன்னா, தப்பு மரத்துமேல இருக்கணும், இல்லாட்டி டீச்சர் கைமேல இருக்கணும் என்றார். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்த ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அது. பெரியம்மா சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார். மாமா, இப்ப என்னக்கா அவசரம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பெரியம்மா மன்னார்குடியில் எங்களோடு, மைக் செட் கிடங்குக்கு மேலே இருக்கிற அறையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். ஒரு மரம் கிடையாது. என் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், கீழே ஆட்கள் பாக்ஸ் டெஸ்ட் செய்யும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், தோப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த ஆவணியில் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மார்கழியில் மாமா புடவையும் கேக்கும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாக்கு இல்லை. பெரியம்மா காபி கொடுத்தார். நான் வேலை இருப்பதாகச் சொல்லிக் கீழே போய், ரிப்பேர் இல்லாத ஒரு பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தையில் அந்தத் தோப்பு இலை தெரியாமல் பூத்தது என்று அந்தப் பக்கம் செட் கட்டப் போன என் ஆள் வந்து சொன்னான். நான் அதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனியில் ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்கு நடுவில் நீலம், ஒவ்வொன்றும் கை நிறைய. மாமா அனுப்பியிருந்தார். அதைத் தெருவில் வீச வேண்டும் என்று தூக்கினேன். கனமாக இருந்ததால் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். சத்தம் கேட்டுப் பெரியம்மா இறங்கி வந்தார். பெட்டிக்கு முன் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்துக் காம்பை முகர்ந்தார். கிணத்தடி மரம் என்றார். இன்னொன்றை எடுத்தார். அது கேட்டோர மரம். பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்து, அது எந்த மரம் என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தார். கடைசிப் பழம் வரைக்கும் வைத்து முடித்துவிட்டு, மாமாவுக்குப் போன் போடு என்றார்.

பெரியம்மாவுக்குப் போனில் பேசினால் சரியாகக் கேட்பதில்லை, அதனால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். மாமா சந்தோஷமாக, பழம் வந்துச்சாக்கா, இனிப்பா இருக்கா என்று கேட்டார்.

"வந்துச்சு தம்பி. நல்லாத்தான் இருக்கு. ஆவணியில போட்டியா?"

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். போகவில்லை.

"ஆமாக்கா," என்றார் மாமா.

"மார்கழியில ஒண்ணும் போடலையே?"

"இல்லக்கா."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு."

பெரியம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். ஒரு பழத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த போன் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் அதை அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிப் படிக்கட்டில் வைத்தேன். மேலே கதவு சாத்துகிற சத்தம் மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.